நீளும் டாமினன்ட் கார்டுகள்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைப் பற்றியவை. டாமினன்ட் கார்ட் (சுருதியின் ஐந்தாம் சுரத்தின் மேல் பல சுரங்களை அடுக்கி ஒருசேர ஒலிக்கச் செய்வது) 7-உடன் நில்லாமல் 9, 11, 13 என்று நீளும்போது அதை எப்படிப் புரிந்துகொள்வது, பியானோவிலோ கீபோர்டிலோ எந்தக் கட்டைகளை அழுத்துவது என்பதே அவற்றின் சாரம். ஆகையால் இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க எளிதாக இருக்கும் என்பதால் எடுத்துக்காட்டுகளை எல்லாம் சி மேஜரில் தருகிறேன். அதன் டாமினன்ட், அதாவது ஐந்தாம் சுரம், ஜி.

கேள்வி: ஐயா, எங்கள் ஆலயப் பாடகர் குழுவுக்கு நான் கீபோர்டு வாசிக்கிறேன். சி, எஃப், ஜி7 என்ற அளவிலேயே இதுவரை பாடல்களை நடத்தி வந்தேன். அண்மையில் கிடைத்த ஒரு பாடல் தாளில் ஜி9, ஜி13 என்று எழுதியிருக்கிறது. ஜி-யிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக ஏழு கட்டைகளையும் அழுத்தினால் இரைச்சலாகக் கேட்கிறது. குழுவினரும் சுருதி விலகுகிறார்கள். என் கணக்கு தவறா? – ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: தங்கள் கணக்கு சரியே. கணக்கில் வந்த சுரங்கள் அனைத்தையும் ஒன்றாக வாசித்ததால்தான் இரைச்சல் வந்தது. ஜி7 என்பது ஜி, பி, டி, எஃப். இவற்றுள் அந்தக் கார்டை டாமினன்ட் ஆக்குபவை பி-யும் எஃப்-உம் ஆகிய இரண்டே. அவற்றுக்கு இடையே ஆறு அரைச்சுரங்கள் உள்ளன (ஒரு கட்டையிலிருந்து அதை ஒட்டிய கட்டைக்கு, வெள்ளையோ கறுப்போ, உள்ள தொலைவே அரைச்சுரம்). பி அரைச்சுரம் ஏறி சி-யை அடையவும், எஃப் அரைச்சுரம் இறங்கி ஈ-யை அடையவும் துடிக்கின்றன. பாட்டு வீடு திரும்பப் போகிறது என்று கேட்பவர் மனம் எதிர்பார்ப்பது இந்த இரண்டு சுரங்களின் தவிப்பினால்தான். எஃப்-க்கு மேலும் அடுக்கிக்கொண்டு போனால் ஏ, சி, ஈ என்ற மூன்று சுரங்கள் கிடைக்கின்றன. ஜி-யை ஒன்று என்று வைத்து எண்ணினால் அவை 9, 11, 13. இவை மூன்றும் அந்தத் தவிப்பின் மேல் பூசப்படும் நிறங்கள். நிறம் கூடினாலும் குறைந்தாலும் கார்டின் வேலை மாறுவதில்லை; ஆகவேதான் தாளில் ஜி13 என்று கண்டால் ஜி7 வாசித்தாலும் பாட்டு கெடாது, ஜி7 என்று கண்ட இடத்தில் தகுதி அறிந்து ஜி13 வாசிக்கவும் செய்யலாம்.

எண்ணைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். 9 என்று எழுதினால் 7 உள்ளே இருக்கிறது என்று பொருள்; 13 என்று எழுதினால் 7 கட்டாயம் உண்டு, 9 பெரும்பாலும் உண்டு. ‘ஆட் 9’ என்று எழுதியிருந்தால் அங்கே 7 கிடையாது. அது டாமினன்ட் அன்று, வெறும் மேஜர் கார்டின் மேல் 9 சேர்த்தது.

இனி எதை விடுவது என்பதைப் பார்ப்போம். முதலில் விடத்தக்கது ஐந்தாம் சுரமாகிய டி. ஜி ஒலிக்கும்போதே அதன் மேலொலிகளுள் (ஒரு சுரத்தோடு இயல்பாகவே சேர்ந்து மெல்ல ஒலிக்கும் உயர்ந்த ஒலிகளுள்) டி வலுவாக அடங்கியிருப்பதால், அதைத் தனியே அழுத்தாவிட்டாலும் காதுக்குக் குறை தெரியாது. அடுத்து 11 ஆகிய சி. அதன் காரணத்தை அடுத்த பதிலில் விரிவாகச் சொல்கிறேன். பாஸ் கிதார் வாசிப்பவர் உடன் இருந்தால் ஜி-யையும் அவரிடம் விட்டுவிடலாம். எஞ்சி நிற்பவை பி, எஃப், அவற்றுடன் ஒன்றோ இரண்டோ நிறச் சுரங்கள். நான்கு சுரங்களில் நிறைவான ஒரு ஜி13 கிடைத்துவிடுகிறது.

எங்கே வைப்பது என்பது இன்னும் முக்கியமானது. இடது கையில், நடு சி-க்குக் கீழே இரண்டாவதாக வரும் ஜி-யையும், நடு சி-க்குக் கீழே முதலாவதாக வரும் எஃப்-ஐயும் வையுங்கள். வலது கையில் நடு சி-யை ஒட்டிக் கீழே உள்ள பி-யையும், அதற்கு மேலே வரும் ஈ-யையும் வையுங்கள். ஜி, எஃப், பி, ஈ: இவ்வளவுதான் ஜி13. பழகிய பிறகு எஃப்-க்கும் பி-க்கும் நடுவே ஏ-யையும் சேர்த்தால் 9-உம் வந்துவிடும். ஏ-யும் பி-யும் ஒன்றையொன்று லேசாக உரசும். அந்த உரசல் இந்தக் கார்டின் அழகில் ஒரு பகுதி, அதைப் பிழை என்று எண்ணி நீக்கிவிடாதீர்கள்.

சுரங்கள் கீழே விலகியும் மேலே நெருங்கியும் நிற்க வேண்டும் என்பதற்குக் காரணம் நம் செவியின் இயல்பு. மேற்சொன்ன ஜி நொடிக்கு 98 அதிர்வுகள் கொண்டது. அதை ஒட்டி மேலே உள்ள பி ஏறத்தாழ 123.5. தாழ்ந்த பகுதியில் இவ்வளவு குறைந்த இடைவெளியில் இரண்டு ஒலிகள் சேர்ந்து வந்தால் செவியால் அவற்றைத் தெளிவாகப் பிரித்தறிய முடிவதில்லை. கலங்கிய ஓர் உறுமலாகவே கேட்கிறது. இரண்டு ஸ்தாயி மேலே அதே ஜி-யும் பி-யும் 392, 494 என்று விலகி நிற்பதால் தெளிவாகக் கேட்கின்றன. வலையின் அடிக்கயிற்றில் கனமான ஈயக்குண்டுகளும் மேற்கயிற்றில் மிதவைகளும் இருப்பதால்தான் வலை நீரில் விரிந்து நிற்கிறது. கார்டும் அப்படி விரிந்து நிற்க வேண்டும், அடியில் கனம், மேலே இலேசு. தாங்கள் ஏழு சுரங்களையும் இடது கையின் அருகே குவித்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

பாடகர் குழு சுருதி விலகுவதைப் பற்றி ஒரு சொல். குழு பாடும் சுரத்துக்கு அரைச்சுரம் மேலேயோ கீழேயோ தங்கள் வலது கையின் உச்சச் சுரம் நின்றால், பயிற்சி குறைந்த குரல்கள் தடுமாறவே செய்யும். மெட்டு எந்தச் சுரத்தில் நிற்கிறதோ அதையே கார்டின் உச்சியில் வைக்கும் பழக்கம் நல்லது. மெட்டு ஈ-யில் நின்றால் 13, ஏ-யில் நின்றால் 9 என்று நிறத்தை மெட்டே தேர்ந்து கொடுத்துவிடும். திருவிழா நாட்களில் கூம்பு ஒலிபெருக்கி கட்டி வாசிக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். அத்தகைய ஒலிபெருக்கி தாழ்ந்த சுரங்களைப் பெரும்பாலும் வெளியே கொண்டு வருவதில்லை. அடியில் உள்ள ஜி கேட்காமல் போனால் மேலே உள்ள சுரங்கள் வேறொரு கார்டாகக் கேட்கக்கூடும். அன்று மட்டும் ஜி-யை ஒரு ஸ்தாயி மேலேயும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி, வீட்டிலிருந்தே பியானோ கற்கிறேன். 13 கார்டில் 11-ஐ விட்டுவிட வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஏன் என்று விளக்குவதில்லை. அப்படியானால் ஜி11 என்று ஒரு கார்ட் இருப்பது எதற்கு? – ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: பியானோவின் முன் அமர்ந்து முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். நடு சி-யை ஒட்டிக் கீழே உள்ள பி-யையும், நடு சி-க்கு ஒரு ஸ்தாயி மேலே உள்ள சி-யையும் மட்டும் ஒன்றாக அழுத்துங்கள். இடையே 13 அரைச்சுரங்கள். மேற்கத்திய இசையில் மிகக் கடுமையாக ஒலிப்பனவற்றுள் இந்த இடைவெளியும் ஒன்று. ஜி13-இல் 11-ஐச் சேர்த்தால் இதுதான் கார்டின் நடுவே வந்து அமர்கிறது.

ஆனால் கடுமை ஒன்றே காரணம் என்று சொன்னால் விளக்கம் முழுமையாகாது. ஜி-யின் மேல் ஏ பிளாட் (ஏ-க்கு அரைச்சுரம் கீழே உள்ள கட்டை) வைத்தாலும் அதே 13 அரைச்சுர இடைவெளிதான். அதைக் காது ஏற்றுக்கொள்கிறது, விரும்பவும் செய்கிறது. உண்மையான காரணம் பொருளைச் சார்ந்தது. பி என்ற சுரம் சி-யை நோக்கிச் செல்வதற்காகவே அந்தக் கார்டில் இருக்கிறது. சென்றடைய வேண்டிய சி முன்கூட்டியே ஒலித்துக்கொண்டிருந்தால் பி-க்குப் பயணமே இல்லை. டாமினன்டின் உயிர் போய்விடுகிறது. ஆகவே பி இருக்கும் இடத்தில் சி வேண்டாம், சி வேண்டுமென்றால் பி-யை எடுத்துவிடுங்கள்.

ஜி11 என்று பாடல் தாள்களில் எழுதுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வழியையே குறிக்கிறது. இடது கையில் ஜி, வலது கையில் எஃப், ஏ, சி. அதாவது ஜி-யின் மேல் எஃப் மேஜர். மூன்றாம் சுரம் இல்லாததால் தவிப்பு இல்லை. திறந்த வெளியில் நிற்பது போன்ற ஓர் அமைதியும் எதிர்பார்ப்பும் கலந்த ஒலி. இதை இரண்டு எண்ணிக்கைகள் நிறுத்தி, பிறகு சி-யை மட்டும் பி-க்கு இறக்குங்கள். ஒரே விரல் நகர்ந்தவுடன் அது ஜி9 ஆகிவிடுகிறது, அடுத்த இரண்டு எண்ணிக்கைகளுக்குப் பின் சி மேஜர். நம் பாடல்களில் மெட்டு சட்ஜத்திலேயே நீண்டு நிற்க, அடியில் டாமினன்ட் வர வேண்டிய இடங்கள் ஏராளம். அந்த இடங்களில் ஜி7 முரண்படும், ஜி11 பொருந்தும்.

மூன்றாவது வழி 11-ஐ அரைச்சுரம் உயர்த்தி சி ஷார்ப் ஆக்குவது. பி-க்கும் சி ஷார்ப்-க்கும் இடையே மோதல் இல்லை. இதற்கு இயற்கையின் துணையும் ஓரளவு உண்டு. 98 அதிர்வுகள் கொண்ட ஜி-யின் ஒன்பதாம் மேலொலி 882. பியானோவில் ஏ 880, ஏறக்குறைய ஒன்றே. பதினோராம் மேலொலி 1078. அங்கே பியானோவின் சி 1046.5, சி ஷார்ப் 1108.7, அந்த மேலொலி இரண்டுக்கும் ஏறத்தாழ நடுவில் விழுகிறது. 9 இயல்பாக இழைவதையும் 11 எப்போதும் கேள்விக்குரியதாக இருப்பதையும் இந்த எண்களில் காணலாம். ஆயினும் மேலொலிகளைக் கொண்டே எல்லாவற்றையும் விளக்க முயல வேண்டாம். பதின்மூன்றாம் மேலொலி பியானோவின் ஈ-யோடு ஒத்துப்போவதில்லை. அப்படியிருந்தும் 13 என்ற நிறத்தை உலகமே விரும்புகிறது.

கேள்வி: என் மகளுக்குக் கை சிறியது, ஒரு ஸ்தாயியையே சிரமப்பட்டுத்தான் எட்டுகிறாள். அவளால் 9, 13 கார்டுகளை வாசிக்க முடியுமா? – ஒரு தந்தை, மண்டபம்

பதில்: தாராளமாக முடியும். சாதாரண பியானோவில் ஒரு ஸ்தாயியின் அகலம் ஏறத்தாழ 16.5 சென்டிமீட்டர். கட்டைவிரலால் ஜி-யையும் சுண்டுவிரலால் ஒன்பதாம் சுரத்தையும் ஒருசேரப் பிடிக்க வேண்டிய தேவை ஒருபோதும் இல்லை. ஜி-யை விட்டுவிட்டு எஃப், ஏ, பி, ஈ என்று பிடித்தால் அதுவே ஜி13. முழுக் கையும் ஸ்தாயிக்குள் அடங்கிவிடுகிறது. பி, டி, எஃப், ஏ என்பது ஜி9; அது இன்னும் குறுகியது. அடிச்சுரத்தை பாஸ் வாசிப்பவரிடம் விட்டுவிட்டு இப்படி வாசிக்கும் முறையை 1950-களின் பிற்பகுதியிலிருந்து பில் எவன்ஸ் போன்ற அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர்கள் நிலைபெறச் செய்தார்கள். தனியாக வாசிக்கும்போது, இடது கையால் ஜி-யை முதலில் தட்டி, சஸ்டெயின் பெடலை மிதித்து, பிறகு அதே கையை மேலே கொண்டுபோய்க் கார்டைப் பிடிக்கலாம். எஃப்-இலிருந்து ஈ வரை எட்டுவதும் கடினம் என்றால் எஃப்-ஐ இடது கைக்குக் கொடுத்து பி, ஈ இரண்டையும் வலது கையில் வைத்துவிடுங்கள். வலிக்கும்வரை விரல்களை விரிக்கச் சொல்லாதீர்கள்.

கேள்வி: ஐயா, வாய்ப்பாட்டும் வீணையும் கற்றவள் நான். இப்போது பேரனோடு சேர்ந்து கீபோர்டு பழகுகிறேன். பிளாட் 9, ஷார்ப் 9, ஷார்ப் 11, பிளாட் 13 என்று வரும் திரிபுகள் மனத்தில் தங்கவில்லை. இராக ஞானம் இதற்கு உதவுமா? – ஒரு வாசகி, தேவிபட்டினம்

பதில்: அம்மா, இந்தக் கேள்விக்காகத் தங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். 72 தாய் இராகங்களை வகுக்கும் மேளகர்த்தா முறையை அறிந்தவருக்கு இந்தத் திரிபுகள் புதியவை அல்ல. பெயர்கள் மட்டுமே புதியவை.

டாமினன்ட் கார்டுக்கு இன்றியமையாதவை மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும் என்று முதல் பதிலில் சொன்னேன். ஜி-யைச் சட்ஜமாகக் கொண்டால் பி அந்தர காந்தாரம், எஃப் கைசிகி நிஷாதம். 72 மேளங்களில் இந்த இரண்டும் சேர்ந்து வருபவை 12 மட்டுமே. அந்தப் பன்னிரண்டிலும் மாறுபவை ரிஷபம், மத்யமம், தைவதம் ஆகிய மூன்று. மேற்கத்தியர் 9, 11, 13 என்று எண்ணுபவை இவையே. சதுஸ்ருதி ரிஷபம் 9, சுத்த ரிஷபம் பிளாட் 9, ஷட்ஸ்ருதி ரிஷபம் ஷார்ப் 9. சுத்த மத்யமம் 11, பிரதி மத்யமம் ஷார்ப் 11. சதுஸ்ருதி தைவதம் 13, சுத்த தைவதம் பிளாட் 13.

கையில் இதைச் செய்து பாருங்கள். எஃப், ஏ, பி, ஈ என்ற பிடியை வையுங்கள். எஃப்-உம் பி-யும் அசையக் கூடாது. ஏ ரிஷபம், ஈ தைவதம். இப்படியே இருந்தால் ஹரிகாம்போதி. ஈ-யை மட்டும் ஈ பிளாட் ஆக்கினால் சாருகேசி. ஈ-யை மீட்டு ஏ-யை ஏ பிளாட் ஆக்கினால் சக்கரவாகம். இரண்டையும் இறக்கினால் வகுளாபரணம். நான்கு டாமினன்ட் நிறங்கள் இரண்டு விரல்களின் அரைச்சுர அசைவில் கிடைத்துவிடுகின்றன. ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு, கீழே ஜி-யை ஒலிக்கவிட்டு, அந்தந்த இராகத்தின் ரிஷபத்தையும் தைவதத்தையும் வாய்விட்டுப் பாடுங்கள். பாடிய பிறகு விரல் மறப்பதில்லை என்பதை என் மாணவர் பலரிடம் பார்த்திருக்கிறேன். கீபோர்டு மட்டுமே கற்ற பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு வசதி இது.

எந்த நிறத்தை எப்போது எடுப்பது என்பதற்கும் தாங்கள் அறிந்த கிரக பேதம் வழிகாட்டும். மேற்சொன்ன நான்கையும் ஜி-யிலிருந்து எண்ணாமல் சி-யைச் சட்ஜமாக வைத்து எண்ணிப் பாருங்கள். ஜி-யின் ஹரிகாம்போதி சி-யின் சங்கராபரணம், சாருகேசி கௌரிமனோகரியாகும், சக்கரவாகம் சரசாங்கியாகும், வகுளாபரணம் கீரவாணியாகும். ஆகவே சி-யைச் சுருதியாகக் கொண்ட ஒரு பாடல் சங்கராபரணத்தின் சாயலில் இருந்தால் அதன் டாமினன்டில் ஏ-யும் ஈ-யும் இயல்பாகப் பொருந்தும். கீரவாணியின் சாயலில் இருந்தால் ஏ பிளாட், ஈ பிளாட் வேண்டும். அங்கே வெறும் ஜி13 வாசித்தால் பாட்டின் முகமே மாறிப்போகும். டாமினன்டின் நிறம் அது சென்றடையும் இடத்தைச் சார்ந்தது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் திரிபுகளைத் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வேண்டுமென்றே மாறாக வாசிப்பதும் உண்டு: சங்கராபரணச் சாயலுள்ள பாடலின் முடிவில் ஒரு முறை மட்டும் ஏ-க்குப் பதிலாக ஏ பிளாட் வைத்து, அதைச் சி மேஜரின் ஐந்தாம் சுரமாகிய ஜி-க்கு இறக்கினால், அந்த அரைச்சுர இறக்கம் நெஞ்சைத் தொடும்.

பிரதி மத்யமம் சேர்ந்தவற்றுள் முதலில் பழக வேண்டியது வாசஸ்பதி. இடது கையில் ஜி, எஃப், வலது கையில் பி, அதன் மேல் ஏ மேஜரின் சுரங்களாகிய சி ஷார்ப், ஈ, ஏ. 9, ஷார்ப் 11, 13 மூன்றும் ஒரே மேஜர் கார்டாகத் தலைமேல் அமர்ந்துவிடுகின்றன. இதே உத்தியில் ஜி7-இன் மேல் ஈ மேஜர் வைத்தால் சக்கரவாகத்தின் நிறமாகிய பிளாட் 9-உம் 13-உம் வரும். ஈ பிளாட் மேஜர் வைத்தால் ஷார்ப் 9-உம் பிளாட் 13-உம் கூடி இராகவர்த்தனியின் நிறம் வரும். முன்பே தெரிந்த மேஜர் கார்டுகளை இப்படி மேலே ஏற்றி வைப்பது பேரனுக்கும் எளிதாக இருக்கும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இங்கே இராகம் என்று நான் குறிப்பிட்டது அதன் சுர வரிசையை மட்டுமே. கமகமும் சஞ்சாரமும் இல்லாமல் சாருகேசி சாருகேசி ஆகாது என்பதைத் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கீர்த்தனைகளின் அடியில் இந்தக் கார்டுகளை வைப்பதை நான் விரும்புவதில்லை. அசையும் சுரத்தின் கீழே அசையாத நான்கு சுரங்கள் நின்றால் கமகம் நசுங்கிவிடுகிறது. மெல்லிசைக்கும் பக்திப் பாடல்களுக்கும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஒரு டாமினன்ட் அடுத்த டாமினன்டுக்கு, அது அதற்கடுத்ததற்கு என்று சங்கிலியாகச் செல்வதைக் கேட்டிருக்கிறேன். அதை 9, 13 நிறங்களுடன் வாசிக்கக் கை ஓடி ஓடிக் களைக்கிறது. – ஒரு வாசகர், தொண்டி

பதில்: கை ஓடுகிறது என்றால் ஒவ்வொரு கார்டையும் அதன் அடிச்சுரத்திலிருந்து தொடங்குகிறீர்கள் என்று பொருள். ஈ7, ஏ7, டி7, ஜி7, சி என்ற சங்கிலியை எடுத்துக்கொள்வோம். அடிச்சுரம் தாவித் தாவிச் சென்றாலும் உள்ளே இருக்கும் மூன்றாம், ஏழாம் சுரங்கள் தாவுவதில்லை. ஈ7-இல் அவை ஜி ஷார்ப், டி. ஏ7-இல் ஜி, சி ஷார்ப். டி7-இல் எஃப் ஷார்ப், சி. ஜி7-இல் எஃப், பி. இரண்டு குரல்களும் அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்குவதைப் பாருங்கள். ஒன்றின் மூன்றாம் சுரம் இருந்த இடம் அடுத்ததில் ஏழாம் சுரமாகிறது. ஏழாம் சுரம் இருந்த இடம் மூன்றாம் சுரமாகிறது. முதல் வாரம் இந்த இரண்டு சுரங்களை மட்டும் வலது கையிலும் அடிச்சுரத்தை இடது கையிலும் வைத்துப் பழகுங்கள். வேறு எதையும் சேர்க்க வேண்டாம். இதில் அவசரப்பட்டவர்கள் பிறகு எதையும் தெளிவாக வாசிப்பதில்லை.

அதன்பின் நிறங்களைச் சேருங்கள். ஈ13-க்கு டி, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், சி ஷார்ப். ஏ9-க்கு சி ஷார்ப், ஈ, ஜி, பி. டி13-க்கு சி, ஈ, எஃப் ஷார்ப், பி. ஜி9-க்கு பி, டி, எஃப், ஏ. முடிவில் சி மேஜருக்கு பி, டி, ஈ, ஜி. 13-உம் 9-உம் மாறி மாறி வருவதால் எந்த விரலும் இரண்டு அரைச்சுரங்களுக்கு மேல் நகர்வதில்லை. ஏ9-இலிருந்து டி13-க்குப் போகும்போது ஈ-யும் பி-யும் அப்படியே நிற்கின்றன, மற்ற இரண்டும் அரைச்சுரம் இறங்குகின்றன. நிமிடத்துக்கு 60 துடிப்பு என்ற வேகத்தில், ஒவ்வொரு கார்டையும் நான்கு துடிப்புகள் நிறுத்தி வாசியுங்கள். பிறகு ஏதேனும் ஒரு விரலின் பயணத்தை மட்டும் தேர்ந்து, அதைப் பாடிக்கொண்டே மற்றவற்றை வாசியுங்கள்.

இந்தச் சங்கிலி கைவந்தபின் ஒரு மாற்றம் செய்து பார்க்கலாம். ஜி7-க்குப் பதிலாக, டி பிளாட் என்ற சுரத்தை அடியாகக் கொண்ட 9 கார்டை வையுங்கள்: எஃப், ஏ பிளாட், பி, ஈ பிளாட். முந்தைய பதிலில் வகுளாபரணம் என்று சொன்ன பிடியேதான் இது; அடியில் ஜி இருந்தால் ஒரு பெயர், டி பிளாட் இருந்தால் மற்றொரு பெயர். ஜி7-க்கும் டி பிளாட் 7-க்கும் எஃப்-உம் பி-யும் பொதுவாக இருப்பதே இதற்குக் காரணம். அடிச்சுரம் டி, டி பிளாட், சி என்று வழுக்கிக்கொண்டு இறங்கும்.

கேள்வி: எஃப், ஏ, பி, ஈ என்று அழுத்தினால் என் கீபோர்டின் தானியங்கி ஸ்டைல் (தானாக ஒலிக்கும் பின்னணி இசை) வேறு எதையோ வாசிக்கிறது. – ஒரு வாசகர், இராமேஸ்வரம்

பதில்: இடது கைப் பகுதியில் அழுத்தும் கட்டைகளைக் கொண்டே கருவி கார்டைக் கண்டறிகிறது. அடிச்சுரம் இல்லாத பிடியை அது ஜி13 என்று உணர்வதில்லை. பி, டி, எஃப், ஏ என்று அழுத்தினால் பி-யையோ டி-யையோ அடியாகக் கொண்ட வேறொரு கார்டாகவே எடுத்துக்கொள்ளும். ஸ்டைல் ஓடும்போது இடது கையில் ஜி, பி, டி, எஃப் என்று எளிய ஜி7-ஐக் கொடுத்துவிட்டு, ஈ, ஏ போன்ற நிறங்களை வலது கையில் மெட்டோடு சேர்த்து வாசியுங்கள். அடிச்சுரம் இல்லாத பிடிகளைப் பழகும் நேரத்தில் ஸ்டைலை நிறுத்திவிடுவதே நல்லது.

கேள்வி: எங்களிடம் இருப்பது ஆர்மோனியம் மட்டுமே. ஒரு கை துருத்தியில் இருக்கும்போது இந்தக் கார்டுகளை வாசிக்க முடியுமா? – ஒரு வாசகர், பாம்பன்

பதில்: ஒரு கைக்குள் அடங்கும் நான்கு சுரப் பிடிகள் ஆர்மோனியத்துக்கும் பொருந்தும். ஆயினும் இரண்டு வேறுபாடுகள் உண்டு. பியானோவின் ஒலி தட்டியவுடன் தேயத் தொடங்கிவிடும். ஆர்மோனியத்தின் நாக்கு காற்று உள்ளவரை ஒரே வலுவில் ஒலிக்கும். பியானோவில் இனிமையாகத் தோன்றும் ஏ–பி உரசல் ஆர்மோனியத்தில் நீண்டு நின்றால் கரகரப்பாகிவிடும். ஆகவே எஃப், பி, ஈ என்ற மூன்று சுரங்களே போதும். ஏ-யைச் சேர்க்க விரும்பினால் கடைசி எண்ணிக்கையில் மட்டும் தொட்டுவிட்டு ஜி-க்கு இறங்குங்கள். இரண்டாவது, அடிச்சுரம். இரண்டு நாக்கு வரிசைகள் உள்ள ஆர்மோனியத்தில் தாழ்ந்த வரிசையையும் திறந்து கார்ட் வாசித்தால், பிடித்த ஒவ்வொரு சுரமும் ஒரு ஸ்தாயி கீழேயும் சேர்ந்து ஒலித்து அடிப்பகுதி கலங்கும். கார்டுக்கு உயர்ந்த வரிசையை மட்டும் திறந்து வையுங்கள். ஜி-யைச் சுருதிப்பெட்டியில் நிறுத்திவிட எண்ண வேண்டாம், ஏனெனில் சி மேஜர் வந்த பிறகும் அது ஒலித்துக்கொண்டே இருக்கும். உடன் பாடுபவர்களில் தாழ்ந்த குரல் உள்ள ஒருவரை டாமினன்ட் வரும் எண்ணிக்கைகளில் மட்டும் ஜி-யைப் பாடச் சொல்லுங்கள். தங்கள் ஊர் ஆலயத்தில் காலால் மிதிக்கும் ஆர்மோனியம் இருந்தால் இரண்டு கைகளும் விடுபடும்; அப்போது இடது கையில் ஜி, எஃப், வலது கையில் பி, ஈ என்ற முதல் பதிலின் பிடியை அப்படியே வாசிக்கலாம்.